காயல் வம்சாவளியும் மரபணுச் சோதனையும்

காயல்பட்டினத்து ஆலிம்கள் தம் அரபு நூல்களில் பெயருக்குப் பின் 'அல்காஹிரி' என எழுதிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். மகான் சதக்கத்துல்லாஹ் அப்பா (1632 - 1703) அவர்களும் அவ்வாறே குறிக்கப்பெறுகின்றார்கள். காஹிர் என்றது ஈண்டு காயலையே. ஊரை அரபியில் 'காஹிர்பத்தன்' என்று எழுதினர். ஊரார் காஹிரிகள் ஆயினர். ஆயினும் இச்சொல்லை எகிப்தின் தலைநகராகிய காஹிராவோடு இணைத்து, அந்நகரத்தார் வந்து குடியேறியமையாலேயே ஊர் இப்பெயர் பெற்றது என்று சொல்வாரும் நம்மிடையே உளர்.

அவர்கள் கூறும் மரபுக் கதையின்படி எகிப்தியர் மரக்கலங்களில் வந்து பாண்டியனிடம் இடம் பெற்றது ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டு; கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு. காஹிரா நகரை பாத்திமிய்யாக்கள் எழுப்பியதோ கி.பி. 969இல். எழுப்பப்படாத நகரத்தின் பெயரை எவரும் கப்பலில் ஏற்றிவர இயலாது. காயல் என்பது கடலை அடுத்த உப்பங்கழியைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல். அதற்கு வேறு பிறப்பிடம் தேடவேண்டுவதில்லை. ஆனால் பெயர் விளக்கம் பிழைபட்டதனால் வந்தவர்களின் வரவும் பொய்யாகிவிடாது. காஹிரா எழுமுன் அவ்விடத்தருகே ஃபுஸ்தாத் நகரம் இருந்தது. அங்கிருந்தும் வணிகர் கடலோடினர். ஒரு கதையின் ஓர் உறுப்பு தவறெனக் கண்டால் அவ்வுறுப்பை மட்டும் விலக்கி, எஞ்சியதை வேறு சான்றுகொண்டு ஆராய்வதே முறை.

அந்த வேறு சான்றாக இன்று ஒரு புதுமை நம் வீட்டு வாயிலுக்கு வந்திருக்கின்றது. சிறு குப்பியில் எச்சிலைத் துப்பியோ, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தோ அனுப்பிவிட்டால், சில வாரங்களில் நம் மூதாதையர் எந்நாட்டார் என்று எழுதி அனுப்பும் நிறுவனங்கள் தோன்றியுள்ளன. ஹூஸ்டன் நகரத்து ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. என்னும் நிறுவனம் 2000ஆம் ஆண்டு தொடங்கிற்று; பிறகு பல வந்தன. அயல்நாடுகளில் வாழும் இளைஞர்களை இது ஈர்ப்பது இயல்பே. குடும்ப வரலாற்றை ஆராய விழைவோர்க்கு இது தொடக்கமாகுமா, ஆகுமெனின் எவ்வளவுக்கு ஆகும் என்பதை காயலை முன்வைத்து ஆராய்வோம்.

முதலில், நாம் எதைத் தேடுகின்றோம் என்பது தெளிவாதல் வேண்டும். 'அரபு வழியினர்' என்னும் சொல்லை நாம் எளிதாக வழங்குகின்றோம். வரலாறு காட்டும் படம் அத்துணை எளிதன்று. 1290களில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயலை ஒரு பெருநகரமென்றும், ஹுர்முஸ், கைஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரையும் பிற சரக்கும் ஏற்றிய கலங்கள் அங்கு வந்து தங்கின என்றும் எழுதினார். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் எழுதிய வஸ்ஸாஃப், கைஸ் தீவின் அதிபதி மலிகுல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபர் நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்ததையும், அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனுக்கு அமைச்சராய் இருந்து காயல் உள்ளிட்ட துறைகளைக் கவனித்ததையும் குறித்துள்ளார். கைஸும் ஹுர்முஸும் பாரசீக வளைகுடாவில் ஈரான் கரையை ஒட்டிய தீவுகள். ஆகவே வந்தவர்களில் ஹிஜாஸியர், யமனியர், மிஸ்ரியர் மட்டுமன்றி ஈரான் கரையினரும் கணிசமாக இருந்திருத்தல் வேண்டும். குதிரையோடு வந்தவனைக் கரையில் நின்ற நம் முன்னோர் அரபி என்றே அழைத்திருப்பர். கடலுக்கு அப்பாலிருந்து வந்த முஸ்லிமுக்கு வேறு பெயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

(போலோ கண்ட காயல் இன்றைய காயல்பட்டினம் அன்று, பொருநை ஆற்றின் முகத்தருகே உள்ள பழையகாயலே என்று 1870களில் அகழ்ந்து பார்த்த கால்டுவெல் பாதிரியார் கூறினார். ஆறு மண் தள்ளத் தள்ளத் துறைமுகம் இடம்பெயர்ந்த நாடு இது. கொற்கையும் அவ்வாறே கடலை இழந்தது. இவ்வழக்கை ஈண்டு விரிக்கவில்லை.)

இனி, சோதனையின் இயல்பைப் பார்ப்போம். மனித உடலின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஒய் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. இதற்குப் புறம்பாக, மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பில் 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு வளையம் உண்டு. அது தாயிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் செல்லும். ஆனால் மகள் மட்டுமே அதனைத் தன் மக்களுக்கு அளிப்பாள். ஆக, முதலாவது வாப்பாவின் வாப்பா, அவர் வாப்பா என்று ஒரே கோட்டில் ஏறுகின்றது. இரண்டாவது உம்மாவின் உம்மா, அவர் உம்மா என்று ஏறுகின்றது. எஞ்சிய 22 இணைகளோ ஒவ்வொரு தலைமுறையிலும் கலைத்துப் பங்கிடப்பட்டு, பெற்றோர் இருவரிடமிருந்தும் பாதி பாதியாக வருவன.

இவ்விடத்தில் காயலுக்கே உரிய ஒரு சிறப்பு குறுக்கிடுகின்றது. மேலைநாட்டு ஆராய்ச்சியாளர் தம் நாட்டு வழக்கத்தை வைத்து, தந்தை வழியே ஓரிடத்தில் நிலைப்பது, மணமான பெண்ணே இடம்பெயர்பவள் என்று கருதி நூலெழுதுவர். நம் ஊரில் அது தலைகீழ். மணமகன் மணமகள் வீட்டுக்குப் போகின்றான், வீடு மகளுக்குரியது, அவளுக்குப் பின் அவள் மகளுக்குரியது. ஒரு தாயின் பெண்மக்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ, ஆண்மக்கள் வேறு தெருக்களுக்குப் பிரிந்து செல்கின்றனர். எனவே காயலில் தாய்வழி மரபணு வீட்டோடு நிற்கும். தந்தைவழி மரபணு தெருத் தெருவாக நடக்கும். தன் வாப்பா எத்தெருவிலிருந்து இவ்வீட்டுக்கு மணமாகி வந்தார், அவருடைய வாப்பா எங்கிருந்து வந்தார் என்று பெயரும் தெருவும் அறியாதவன், ஒய் குரோமோசோம் சோதனையின் விடையைப் பெற்றும் அதனை எங்கே பொருத்துவது என்று தெரியாமல் நிற்பான்.

வேறோர் நன்மையும் இதனால் விளைந்துள்ளது. பிற ஊர்களின் வம்ச வரிசைகளில் ஆண்பெயர்களே இருக்கும், பெண்பெயர் மறைந்துபோகும். காயலில் உம்மாவின் பெயரிலிருந்து மகளின் பெயருக்கு வீடு எழுதப்பட்டு வந்தமையால், 1864ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்துக்குப் பிந்தைய பத்திரங்களில் பெண்வழி வரிசை எழுத்திலேயே கிடைக்க வாய்ப்புண்டு. தாய்ப் பத்திரத்தையும் தாய்வழி மரபணுவையும் அருகருகே வைத்து ஒப்பிடக்கூடிய ஊர்கள் உலகில் மிகச் சிலவே இருக்கும். நம் குடும்பங்கள் இப்பத்திரங்களைப் பெட்டியிலிட்டுக் கரையானுக்கு விட்டிருப்பதுதான் வருத்தம்.

இந்நாட்டு முஸ்லிம்களைப் பற்றி அறிஞர் கண்டது என்ன? 2010இல் ஐரோப்பிய மனித மரபியல் இதழில் வெளியான ஓர் ஆய்வு, மலபார் மாப்பிள்ளைமார், தமிழ்நாட்டிலும் குஜராத்திலும் வாழும் தாவூதி போராக்கள் முதலிய ஆறு முஸ்லிம் கூட்டத்தாரை ஆராய்ந்தது. அவர்கள் பெரும்பாலும் தத்தம் பகுதியில் வாழும் பிற சமயத்தாரையே ஒத்திருக்கின்றனர் என்பதும், சிலரிடம் அரபு நாடு, மேற்காசியா, ஆப்பிரிக்கா ஆகியவற்றின் சுவடு சிறிதளவு காணப்படுகின்றது என்பதும் அதன் முடிவு. மாப்பிள்ளைமார் நம் அண்டை வீட்டார். அவர்தம் செய்தி நமக்கும் ஒரு குறிப்பாகும்.

அதே ஆண்டு மற்றோர் ஆய்வு, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் தம்மை ஸையிதுகள் எனச் சொல்வோரின் ஒய் குரோமோசோமைப் பார்த்தது. ஸையிதல்லாத பிற முஸ்லிம்களைவிட அவர்களிடம் அரபுச் சுவடு மிகுதியாகக் காணப்பட்டது. ஆனால் அவர்கள் அனைவரும் அண்மைக் காலத்து ஒரே தந்தையின் வழியினர் என்பதற்குச் சான்று கிட்டவில்லை. அந்த முடிவின் முற்பாதியை மட்டும் படித்து மகிழ்வாரையும், பிற்பாதியை மட்டும் படித்து எள்ளுவாரையும் நாம் காண்கின்றோம். இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும். நசப் என்பது கொள்வினை கொடுப்பினையாலும் சார்பாலும் வளர்ந்து வந்த ஒன்று. அதன் பயன் உறவைப் பிணைப்பதிலேயே உள்ளது என்ற கருத்தை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் அறுநூறு ஆண்டுகட்கு முன்பே விளக்கியிருக்கின்றார்.

காயலுக்கு இவற்றினும் நெருங்கிய ஒப்புமை கடலுக்கு அப்பால் உள்ளது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் சுவாஹிலி முஸ்லிம்கள் வாழும் துறைமுக நகரங்கள் பல. நம்மைப் போலவே பருவக்காற்றால் பிழைத்தவர்கள். நம்மைப் போலவே கடல்கடந்து வந்த முன்னோர் கதையை உடையவர்கள். கில்வா நகரத்து வரலாற்றேடு, ஷீராஸிலிருந்து வந்த பாரசீகத் தலைவர்களே அந்நகரை ஆண்டனர் என்று கூறுகின்றது. ஐரோப்பிய ஆசிரியர் சிலர் அதனைப் பெருமைக்காகப் புனைந்த கதையென ஒதுக்கினர். வேறு சிலரோ அந்நகரங்களைக் கட்டியவர் அயலாரே என்று கூறி ஆப்பிரிக்கரின் பங்கை மறுத்தனர். 2023இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, 1250க்கும் 1800க்கும் இடைப்பட்ட காலத்தவர் பெரும்பான்மையினராய் அமைந்த 80 பேரின் பழைய எலும்புகளிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தது. கரை நகரத்தார் பலரின் மரபில் பாதிக்கு மேற்பட்டது ஆப்பிரிக்கப் பெண்கள் வழி வந்தது. ஆசியப் பகுதியில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பங்கு பாரசீக ஆடவர் வழியது. இந்தியச் சுவடும் சிறிது உண்டு. கலப்பு கி.பி. 1000 அளவில் தொடங்கிற்று. அரபு நாட்டுச் சுவடு மிகுந்தது 1500க்குப் பின்னரே.

ஏடு சொன்ன ஷீராஸியர் உண்மை. ஏடு பெயர் சொல்லாமல் விட்ட ஆப்பிரிக்கத் தாய்மாரும் உண்மை. அவ்விருவரில் தாய்மாரின் பங்கே பெரிது. நம் கொங்கணக் கரையின் பெனே இஸ்ரவேலரிடமும் 2016இல் இத்தகைய முடிவே கிடைத்தது: தாய்வழி பெரிதும் இந்தியருடையது, தந்தைவழியில் மேற்காசியச் சுவடு.

காயலின் மரபுக் கதையும் உண்மையில் இதனையே சொல்கின்றது. வந்தவர் வணிகர்; ஆடவர்; இங்குள்ள பெண்டிரை மணந்தனர். அக்கதையை நாம் வழிவழியாகச் சொல்லும்போது ஆடவரின் நாட்டைச் சொல்லி, பெண்டிரின் நாட்டைச் சொல்லாது விட்டோம். அப்பெண்டிர் பொருநைக் கரையினர், முத்துக்குளித்துறையினர். நம் தாய்மொழி தமிழாயிற்றே, அது எந்தக் கப்பலில் வந்தது? அரபு எழுத்திலே தமிழை எழுதும் அர்விக் கலையை நம் ஆலிம்கள் வளர்த்ததன் காரணம், எழுத்து தந்தையிடமிருந்தும் மொழி தாயிடமிருந்தும் வந்தமையே என்பது நம் கருத்து.

சதவீதக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். நிறுவனங்கள் அனுப்பும் அறிக்கையில் 'தென்னிந்தியா, இலங்கை' என்று பெரும்பகுதி காட்டப்பட்டு, அரபு நாட்டுக்கு ஒன்றுமே காட்டப்படாதிருப்பின் மனமுடைவாரும் உளர். கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொருவர்க்கும் பெற்றோர் இருவர். பத்துத் தலைமுறைக்கு முன் 1,024 இடங்கள். போலோவின் காலம் ஏறத்தாழ 25 தலைமுறைக்கு முன்னர். அங்கே மூன்று கோடிக்கு மேற்பட்ட இடங்கள். அவற்றுள் ஒன்றில் மட்டும் ஓர் ஏடன் வணிகர் இருந்தாரெனின், அவருடைய மரபணுவில் ஒரு துணுக்கும் இன்றைய பேரனிடம் எஞ்சாதிருத்தல் மிக இயல்பு. அதனால் அவர் நம் முன்னோர் அல்லர் என்றாகாது. மறுபுறம், ஒய் குரோமோசோம் ஜே1 என்னும் பிரிவைச் சார்ந்தது என்று விடை வந்தவுடன் குறைஷியர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்வதும் தகாது. ஜே1 அரபு நாட்டில், சிறப்பாக யமனில், மிகுதியாக உள்ளது. ஆனால் அது இஸ்லாத்துக்கு மட்டுமன்றி அரபு மொழிக்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்டது. ஜே2வோ மேற்காசியாவிலும் உண்டு, தென்னாட்டு ஊர்களிலும் உண்டு. அதைக்கொண்டு கப்பலேறி வந்தவர் யார், கரையில் நின்றவர் யார் என்று பிரித்தறிய இயலாது.

ஹதீஸ் கலை பயின்றார்க்கு விளங்கும்படி சொன்னால், மரபணுச் சோதனை மத்ன் இருந்தும் ஸனது இல்லாத செய்தி போன்றது. நம் வீட்டு நசப் ஏடுகளோ ஸனது நீண்டும் அறிவிப்பாளர் ஆராயப்படாதவை.

தொலைதூர மூதாதையரை விடுத்து, அண்மை உறவைத் தேடும்போதுதான் இச்சோதனை உள்ளபடியே பயன் தருவது. காயலார் இரத்தின வணிகத்துக்கும் பிற தொழிலுக்கும் இலங்கை, பர்மா, கல்கத்தா, ஹாங்காங் என்று சென்றனர். சென்ற இடத்தில் மணந்து மக்களைப் பெற்றவர் பலர். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது நடந்தே இந்தியா திரும்பியவர்களும், திரும்பாதவர்களும் உண்டு. பின்னர் கடவுச்சீட்டும் குடியுரிமைச் சட்டங்களும் வந்து இலங்கைக்கும் நமக்கும் இடையிருந்த போக்குவரவை அறுத்தன. பேருவளையிலோ காலியிலோ ஒரு குடும்பம், 'எங்கள் அப்பா காயலிலிருந்து வந்தவர்' என்பதற்கு மேல் ஒன்றும் அறியாதிருக்கலாம். அவர்களில் ஒருவரும் நம்மில் ஒருவரும் ஒரே நிறுவனத்தில் சோதனை செய்திருப்பின், பொதுத் துணுக்குகள் உறவைக் காட்டிவிடும். இரண்டாம் தலைமுறைப் பங்காளிகள் ஏறக்குறையத் தவறாமல் தெரிவர். நான்காம் தலைமுறையில் பாதிப் பேரே தெரிவர்.

இதிலும் எச்சரிக்கை தேவை. துணுக்குகளின் அளவைச் சென்டிமார்கன் என்னும் அலகால் கூறுவர்; அதற்குரிய அட்டவணைகள் உறவுக்குள் மணம் செய்யாத மேலைநாட்டாரை வைத்துச் செய்யப்பட்டவை. மாமன் மகளையும் அத்தை மகளையும் தலைமுறை தலைமுறையாக மணந்துவந்த சில தெருக்களில், ஒரே மூதாதையர் பல வழிகளில் மூதாதையர் ஆவர். தூரத்து உறவினரையும் இச்சோதனை மிக நெருங்கியவராகக் காட்டும். அட்டவணையை நம்பி, 'இவர் என் வாப்பாவின் உடன்பிறந்தார் மகன்' என்று முடிவு கட்டிச் சண்டை வளர்க்கலாகாது.

வாழ்வோரின் நசபைப் பற்றிய செய்தி இதனினும் கூர்மையானது. உடற்குறி கொண்டு உறவறியும் கியாஃபா என்னும் கலை அரபியரிடம் இருந்தது. கறுத்த நிறத்தவரான உஸாமா (ரலி) அவர்களைப் பற்றிச் சிலர் ஐயுற்றுப் பேசிய காலத்தில், போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களை மட்டும் பார்த்து, அவரும் வெண்ணிறத்தவரான அவர் தந்தை ஸைது (ரலி) அவர்களும் ஒரே வழியினர் என முத்லிஜ் குலத்து முஜஸ்ஸிஸ் உரைத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அது கேட்டு மகிழ்ந்தார்கள். ஆயினும் முறையான திருமணத்தில் பிறந்த குழந்தையின் நசப் அத்திருமணத்தாலேயே நிலைபெறும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹுக் கழகம் இரண்டையும் சீர்தூக்கிற்று. மருத்துவமனையில் மாறிய குழந்தைகள், போரிலும் பேரிடரிலும் காணாமற்போனோர், தந்தை அறியப்படாதோர் ஆகியோர் காரியங்களில் மரபணுச் சோதனையைக் கொள்ளலாம்; ஷரீஅத்தின்படி நிலைபெற்ற நசபை மறுப்பதற்கோ லிஆனுக்கு மாற்றாகவோ கொள்ளலாகாது என்று அது தீர்மானித்தது. இந்நாட்டுச் சட்டமும் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்து 112ஆம் பிரிவில் இதற்கு அண்மையான விதியையே கொண்டிருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கின்றது. பாட்டனாரைத் தேடப் புகுந்தவன் வேண்டாத இடத்தில் கதவைத் திறந்துவிடக்கூடும் என்பதனால் இதனை இவ்வளவு விரித்தோம். சோதனைக்கு அனுப்புமுன் வீட்டார் இசைவைப் பெறுதல் கட்டாயம். ஒருவரின் எச்சில் அவருடைய உடன்பிறந்தார் செய்தியையும் தன்னுள் கொண்டது.

நிறுவனங்களையும் கண்மூடி நம்புவதற்கில்லை. பெயர்பெற்ற 23அண்ட்மீ என்னும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் களவாடப்பட்டன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் மனுச் செய்தது; வாடிக்கையாளரின் மரபணு விவரங்களும் நிறுவனத்தின் சொத்தோடு சொத்தாகக் கைமாறின. பத்திரம் எழுதாமலே குடும்பத்தின் இரகசியத்தை அயலாரிடம் அடகு வைத்ததற்கு ஒப்பாயிற்று.

எனவே தொடங்க விழைவோர் எச்சில் குப்பியை வாங்குமுன் மூன்று காரியங்களை முடித்துக்கொள்க. வீட்டின் தாய்ப் பத்திரங்களைத் தேடி, உம்மா வழிப் பெயர்களை வரிசைப்படுத்துக. ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டில் மணமகனாக வந்தவர்களின் வாப்பா பெயரையும் தெருவையும் குறித்துக்கொள்க. பழைய கணக்கேடுகளும் இலங்கையிலிருந்து வந்த கடிதங்களும் அர்வி எழுத்தில் இருக்கும். இளைஞர்க்கு அது படிக்க வாராது. படிக்கவல்ல முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். ஆதலின் படிப்பிப்பதை இப்போதே செய்து, படியெடுத்து வைக்க வேண்டும்.

அதன்பின்பும் சோதனை வேண்டுமென்போர், முதலில் வீட்டின் மூத்தவருக்கே அதனைச் செய்க. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி உதிர்ந்துபோவதால், பேரன் உடலில் இல்லாதது பாட்டியின் உடலில் இருக்கும். அவர் பெண்ணாயிருப்பின் ஒய் குரோமோசோம் அவரிடம் இராது. தந்தைவழிக்கு அவருடைய சகோதரரையோ, சகோதரர் மகனையோ நாட வேண்டும். நம் ஊரில் அச்சகோதரர் வேறு தெருவில், மனைவி வீட்டில் இருப்பார்.